செப்பு நிறக் காரின் மணிக்கூடு

கலியாணப் பொம்பிளையை ஏற்றிப்போக இரண்டே இரண்டு பேர் இருக்கக்கூடிய காரைக் கொண்டுவந்த குடும்பம் பாரிசிலே எங்கள் குடும்பம் மட்டுமாகத்தான் இருக்கும். ஓட்டுகிறவருக்கு ஓர் இருக்கை, எனக்கு ஓர் இருக்கை. தோழிக்கு இடமில்லை. அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டு ஆட்களின் வான் ஒன்றில் போனாள். காரை ஓட்டியவர் என் அண்ணன். அன்றைக்கு முகூர்த்தம் தவறிப்போனது. காரில் இருந்தது பொய் மணிக்கூடு, அதை நம்பி மோசம்போய்விட்டேன் என்று அண்ணன் சொன்னார். முப்பது வருசமாக அதை ஒருவரும் நம்பவில்லை.

"காரிலை பொய் மணிக்கூடு வைப்பாங்களோ? ஆருக்கடா கயிறு விடுறாய்?" என்று மாமா மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்கக் கேட்டார்.

அதற்குப் பிறகு அண்ணன் வாயைத் திறந்தாலே கயிறுதான். சார்செலில் இருந்து வருகிற ரயில் நடுவழியில் நின்றுவிட்டது என்று அவர் சொன்னால், "ஏன், ரயிலிலையும் பொய் மணிக்கூடோ?" என்று யாராவது கேட்பார்கள். சனம் சிரிக்கும். அண்ணனும் சேர்ந்து சிரிப்பார். அவர் சிரிப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கு ஒரு குணம் இருக்கிறது. ஒரு விசயம் மெய்யா பொய்யா என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. மேல்மாடிக்காரி ஏன் இரண்டு குடையோடு வேலைக்குப் போகிறாள் என்பதைக் கூடக் கேட்டு அறிந்து வைத்திருக்கிறேன். ஆனால் என் சொந்தக் கலியாண நாளில், அந்த மணிக்கூட்டுக்கு முன்னால் இருந்துகொண்டே, அதை நான் பார்க்கவில்லை. காரின் கூரை அவ்வளவு பதிவு, தலையில் இடிக்கும். தலையில் சூரியப்பிறை, சந்திரப்பிறை, முழங்கை உயரத்துக்குக் கொண்டை, பூ. கழுத்தை மடித்து, நாடி நெஞ்சில் இடிக்க, என் மடியையே பார்த்துக்கொண்டுதான் போனேன். படத்தில் பார்த்தவர்கள் "என்ன அடக்கமான பொம்பிளை" என்றார்கள். அடக்கம் எல்லாம் கூரையால் வந்தது.

கார் எப்படி வந்தது என்பதைச் சொல்லவேண்டும். அண்ணன் அப்போது எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கிற லா சப்பலுக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டிய ஒரு ஒழுங்கையில், ஓர் இத்தாலிக்காரரின் கராஜில் வேலை செய்தார். நெளிந்த காரைத் தட்டி நிமிர்த்திப் பெயின்ற் அடிக்கிற இடம். முதலாளியைப் பத்ரோன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் வயதானவர், பிள்ளைகள் இல்லை, பேச்சும் குறைவு. அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. பெயின்ற் அடித்த காருக்குக் கிட்டப் போகிறவன் கையில் மணிக்கூடு, மோதிரம், இடுப்பில் பெல்ட் ஒன்றும் இருக்கக்கூடாது. உலோகம் எது பட்டாலும் கீறும். காலையில் வந்ததும் எல்லாவற்றையும் கழற்றி வாசலில் ஒரு தகரப் பேணிக்குள் போடவேண்டும். அண்ணனின் களிசான் அடிக்கடி வழுகும் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

கராஜின் கடைசி மூலையில் துணி போர்த்த ஒரு கார் நின்றது. சில வருசம் கழித்துத்தான் பத்ரோன் அந்தத் துணியை அண்ணனுக்குத் தூக்கிக் காட்டினார். செப்பு நிறம். மூக்குக் கூர். உயரம் ஓர் ஆளின் இடுப்புக்கு வராது. இத்தாலியில் தூரின் நகரத்தில் பெரிய கொம்பனிகளுக்குக் காரின் உடம்பை மட்டும் செய்துகொடுக்கிற ஒரு பட்டறையில் அவர் இளவயதில் வேலை செய்திருக்கிறார். கண்காட்சி ஒன்றுக்காக அந்தக் காரைச் செய்தார்களாம். மரத்தில் முழு உருவத்தையும் செதுக்கி வைத்து, அலுமினியத் தகட்டை அதன்மேல் வளைத்து வளைத்துச் சுத்தியலால் தட்டுவது. தட்டியவர்களில் பத்ரோனும் ஒருவர். மேடையில் சுற்றவிட்டார்கள், சனம் கைதட்டியது, படம் எடுத்தது. பிறகு கொம்பனி, "நல்ல வடிவு, ஆனால் வேண்டாம்" என்று சொல்லிவிட்டது. உடைத்துப் போடச் சொல்லி உத்தரவு வந்தபோது, இவர் உடைத்ததாகச் சொல்லிவிட்டு ஒளித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"உலகத்திலையே ஒண்டுதான், தங்கச்சி. ரெண்டாவது இல்லை" என்று அண்ணன் வந்து சொன்னார். எனக்கு அன்றைக்கே நூறு கேள்வி. ஒன்றைச் செய்து ஒருவருக்கும் விற்காமல் விடுவதற்கு ஏன் அவ்வளவு பாடு? உள்ளே எஞ்சின் இருக்கிறதா, அல்லது சோடனை மட்டுமா? அண்ணனுக்கும் முழுக்கத் தெரியாது. எஞ்சின் இருக்கிறது, சாதாரண எஞ்சின், மழைக்குத் தண்ணி துடைக்கிற தடி மட்டும் இல்லை என்றார்.

என் கலியாணம் நிச்சயமானதும் பத்ரோன் தானாகவே காரின் திறப்பை எடுத்து நீட்டினாராம். ஒரே நிபந்தனை: பூ ஒட்டக்கூடாது, படம் எடுத்து ஊரெல்லாம் காட்டக்கூடாது. அண்ணன் தலையாட்டிவிட்டு வந்தார். எங்கள் சனத்திடம் பூ ஒட்டாத கலியாணக் காரை நிறுத்தி வைப்பது நடக்கிற காரியமா? அவர் தடுக்கத் தடுக்க, கடைக்காரர்கள் கூடி மூக்கில் இருந்து வால் வரைக்கும் பூவால் மூடினார்கள். சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். சில்லுக்குக் கீழே நசுக்கத் தேசிக்காய். நம்பர் தகடு எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் அண்ணன் இன்றைக்கும் சொல்லமாட்டார்.

லா சப்பலில், ரூ பெர்தொனே தெருவில் ஒரு நகைக்கடைக்கு மேலே இருந்த அறையில் எனக்குச் சேலை உடுத்தி வெளிக்கிடுத்தினார்கள். மண்டபம் சார்செலில். வீட்டு ஆட்கள் வான்களில் முன்னுக்குப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கடையை விட்டுவர முடியாத பெண்கள் என்னைத் தெருவிலேயே ஆசீர்வதிக்க அறுகரிசியோடு நின்றார்கள். மஞ்சளில் பிரட்டிய அரிசி. அறுகம்புல்லுக்கு எங்கே போவது? கால்வாய்க் கரையில் பிடுங்கிய ஏதோ புல்லைக் கிள்ளிப் போட்டிருந்தார்கள். தலையில் தூவலாம் என்றால் நான் அதற்குள் காரில் மடிந்து கிடக்கிறேன், கை எட்டாது. ஆகவே காரின் மேலே தூவினார்கள். முன்கண்ணாடியின் அடியில் காற்றுப் போக நீளமான வெட்டுகள் இருந்தன. அரிசி எல்லாம் அதற்குள் சளசளவென்று இறங்கியது. எனக்குக் கேட்டது.

வீடியோக்காரர் விடவில்லை. "இன்னொருக்கா தெருவைச் சுத்தி வாங்கோ" என்றார். அவருக்கு நேரம் என்றால் கசெற் முடிகிற நேரம்தான். நான் குனிந்தபடியே, "அண்ணை, நேரம் போகேல்லையோ?" என்று கேட்டேன். அண்ணனின் கையில் மணிக்கூடு இல்லை. காரைத் தொடும் முன் கழற்றிப் பேணியில் போட்டுவிட்டு வந்தவர். அவர் முன்னால் பார்த்தார். பத்து மணி பத்து நிமிடம்.

"அவசரப்படாதை, தங்கச்சி, நேரம் கிடக்கு" என்றார்.

சுற்றினோம், இன்னொருமுறை சுற்றினோம். கார்-து-நோர் ரயில் ஸ்டேசனுக்கு முன்னால் நாங்கள் வந்தபோது அண்ணன் நிமிர்ந்து ஸ்டேசன் மணிக்கூட்டைப் பார்த்தார். பதினொன்று தாண்டியிருந்தது. குனிந்து காரின் மணிக்கூட்டைப் பார்த்தார். பத்துப் பத்து. அவர் "ஐயோ" என்று சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. அந்தக் கார் அதன் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக ஓடியிருக்காது. பூவெல்லாம் பறந்தது. சார்செலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐயர் மணவறையில் தனியே இருந்தார், மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நின்றார்கள், நல்ல நேரம் முடிந்திருந்தது.

அண்ணன் மன்றாடினார். "வந்து பாருங்கோ, அது மையாலை கீறின மணிக்கூடு, முள்ளு அசையாது" என்றார். தாலி கட்டுகிற நேரத்தில் யார் போய்ப் பார்ப்பது? அடுத்த நாள் மாமா கராஜுக்குப் போனார். பத்ரோன் கதவின் சட்டரை இழுத்து மூடிவிட்டார். பூ ஒட்டிய பசை, குங்குமம், அரிசி எல்லாவற்றையும் கண்டிருக்கிறார். ஏசவில்லையாம், அண்ணனைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாராம். யாராவது படத்தைக் கண்டு காரைப் பறித்துக்கொண்டு போவார்கள் என்று பயந்திருக்கவேண்டும். அந்தக் கிழமையே கார் இத்தாலியில் அவருடைய சகோதரி வீட்டுக்குப் போய்விட்டது. சில வருசத்தில் பத்ரோனும் செத்துப்போனார். கலியாணப் பட அல்பத்தில் பார்த்தால் பூக்கும்பல் ஒன்று சில்லில் ஓடுகிறது. அதற்குள் எந்தக் கார் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

என் கலியாணம் சில வருசத்தில் முறிந்தது. அதற்கு மணிக்கூடு காரணமில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் வாய் நீளம், ஒருவருக்கும் காது இல்லை. அவர் லண்டனுக்குப் போனார், நான் இங்கே இருந்துகொண்டேன். எனக்கு அதில் பெரிய குறை கிடையாது. ஆனால் சனம் விடுமா? "நேரம் பிழைச்சுப்போச்சு" என்றார்கள். என் முன்னால் சொல்லப் பயம், அண்ணன் முன்னால் சொல்வார்கள். அண்ணன் அதை அப்படியே நம்பிவிட்டார். தங்கச்சியின் வாழ்க்கையைத் தான் கெடுத்துவிட்டேன் என்று. அதற்குப் பிறகு நல்ல காரியம் ஒன்றுக்கும் அவர் கார் ஓட்டியதில்லை. தன் சொந்த மகள் பெரியபிள்ளையாகி நடந்த சாமத்தியவீட்டுக்கே கார்த் திறப்பை வேறு ஆளிடம் கொடுத்தார். எங்கே போனாலும் ஒரு மணித்தியாலம் முந்திப் போய், பூட்டிய மண்டபத்துக்கு வெளியே குளிரில் நிற்பார். எனக்கு அவரில் கோபமும் வரும், அழுகையும் வரும்.

இந்த மாரிக் குளிரில், பாரிசுக்கு வெளியே கூசேன்வில்லில் இருக்கும் அண்ணன் மகள், என் மருமகள், ஒருநாள் நானும் அண்ணனும் இருந்த இடத்துக்குக் கைபேசியோடு வந்தாள். அவள் விமான நிலையத்தில் வேலை செய்கிறாள். தமிழ் விளங்கும், பதில் மட்டும் பிரெஞ்சில் வரும். பாரிசின் தெற்குப் பக்கத்தில் நடக்கிற பழைய கார்க் கண்காட்சிக்கு, உலகத்திலேயே ஒன்றே ஒன்றான இத்தாலியக் கார் வருகிறது என்று ஒரு படம். செப்பு நிறம். மூக்குக் கூர்.

அண்ணன் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டார். "இது அந்தக் கார்" என்றார்.

மகள் கீழே எழுதியிருந்ததை வாசித்தாள். அந்தக் காலத்துக் கண்காட்சி முடிந்ததில் இருந்து கார் இத்தாலியில் ஒரு தோட்டத்துக் கொட்டிலில் பூட்டிக் கிடந்ததாம். அந்தக் கொட்டிலை விட்டு ஒருநாளும் வெளியே வரவில்லையாம். வாசித்துவிட்டு, தகப்பனின் தோளில் தட்டி, "அப்பா, திரும்பவுமா?" என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரித்தாள். அவள் கெட்ட பிள்ளை இல்லை. சின்னதில் இருந்து எல்லோரும் சிரிக்கக் கேட்டு வளர்ந்தவள்.

நான் அப்போதே சொல்லிவிட்டேன். "நாளைக்கு மூண்டு பேரும் போறம். ஒண்டில் அதிலை எழுதினது பொய், இல்லாட்டி அண்ணை பொய். எனக்கு இண்டைக்கு நித்திரை வராது."

கண்காட்சியில் மூக்கைத் தூக்கி வைத்திருக்கிற சனமும் பளபளக்கிற கார்களும். எங்கள் கார் சிவப்புக் கயிறு கட்டிய மேடையில் நின்றது. எங்கள் கார் என்று என் வாயில் தானாக வந்துவிட்டது. பூ இல்லாமல் நான் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இவ்வளவு வடிவான சாமானுக்கு மேலேயா நாங்கள் அவ்வளவு பூவைக் கொட்டினோம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்துப் பலகையில் காரின் சரித்திரம். பட்டறை, மேடை, கைதட்டல், பிறகு கொட்டில். நடுவில் பாரிசும் இல்லை, பத்ரோனும் இல்லை, நானும் இல்லை.

பலகைக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி வைத்திருந்தார்கள். காரைக் கழற்றித் திருத்தியபோது காற்றுக் குழாயில் கிடந்தவை, வயல் எலிகள் கொண்டுவந்து சேர்த்த தானியமும் வைக்கோலும் என்று எழுதியிருந்தது. கார் கொட்டிலில் தூங்கியதற்கு அத்தாட்சியாம். நான் குனிந்து பார்த்தேன். இருட்டில் கிடந்ததால் நிறம் போகவில்லை. மஞ்சள் அரிசி. நடுவில் நறுக்கிய காய்ந்த புல்.

"அண்ணை, இஞ்சை வாங்கோ" என்று நான் போட்ட சத்தத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அங்கே பொறுப்பாக நின்றவள் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் இத்தாலிக்காரி. காரைத் திருத்தியவளே அவள்தான் என்று பிறகு தெரிந்தது. நான் பிரெஞ்சில் சொன்னேன்: "இது எலி கொண்டுவந்ததில்லை. இதை எங்கள் ஆட்கள் போட்டார்கள். என் கலியாணத்துக்கு." அவள் மரியாதையாகச் சிரித்தாள். அந்தக் கொட்டிலைச் சுற்றி நெல் வயல்கள்தான், இத்தாலியின் வடக்கில் நெல் நிறைய விளைகிறது என்றாள். அது எனக்குப் புதுச் செய்தி. இன்னொரு நாள் என்றால் அதைப் பற்றியே அரை மணி நேரம் கேட்டிருப்பேன்.

"உங்கள் ஊர் எலிகள் உமியை நீக்கி, மஞ்சளும் பூசுமா?" என்று கேட்டேன்.

அவளுடைய சிரிப்பு நின்றது. குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கழுவியும் அந்த மஞ்சள் ஏன் போகவில்லை என்று தானும் யோசித்ததாக மெதுவாகச் சொன்னாள். அப்போதுதான் அவளுடைய பார்வை எனக்குப் பின்னால் போனது. நானும் திரும்பினேன். அண்ணன் கயிற்றுக்கு வெளியே நின்று, கை மணிக்கூட்டைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, பெல்ட்டை உருவிக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. மகள் வெட்கத்தில், "அப்பா, என்ன செய்கிறீர்கள்?" என்று பிரெஞ்சில் கிசுகிசுத்தாள்.

இத்தாலிக்காரி தன் கைகளைத் தூக்கிக் காட்டினாள். மோதிரமும் இல்லை, மணிக்கூடும் இல்லை. இடுப்பிலும் பெல்ட் இல்லை. "எங்கே வேலை செய்தீர்கள்?" என்று அண்ணனைக் கேட்டாள்.

அண்ணன் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பத்ரோனைப் பற்றிச் சொன்னார். தூரின் பட்டறை, லா சப்பல் ஒழுங்கை, சகோதரி வீடு. சகோதரி என்றதும் அவள் தலையாட்டினாள். அந்தக் கொட்டில் ஒரு கிழவியுடையதுதான் என்றாள். நான் குறுக்கே விழுந்தேன். எனக்குப் பொறுமை இல்லை. "உள்ளே ஒரு மணிக்கூடு இருக்கா?" என்று கேட்டேன். "அது ஓடுமா?"

அவள் கயிற்றைக் கழற்றினாள். நான் காப்புகளைக் கழற்றி மருமகளிடம் கொடுத்தேன். கதவு திறந்தது. அதே இடத்தில், அதே பதிந்த இருக்கையில், முழங்கால் நோக நோக இறங்கி இருந்தேன். இந்தமுறை கொண்டை இல்லை, பிறை இல்லை. தலையைக் குனியாமல் நேரே பார்த்தேன்.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வட்டமான வெள்ளை முகம். இலக்கங்கள், இரண்டு முட்கள். பத்து மணி பத்து நிமிடம். கண்ணாடிக்குள்ளே எட்டிப் பார்த்தால் முட்களில் தூரிகையின் தடம் தெரிந்தது. கறுப்பு மையால் கீறியவை.

அந்தக் காலத்துக் கண்காட்சிக்கு முன்னம் மெய்யான மணிக்கூடு செய்து முடிக்க நேரம் போதவில்லையாம், பட்டறையில் யாரோ ஒருவர் அவசரமாகக் கீறிவிட்டிருக்கிறார் என்றாள் இத்தாலிக்காரி. இப்போதைய சொந்தக்காரர் ஓடுகிற மணிக்கூடு பொருத்தச் சொன்னாராம், அவள் மறுத்துவிட்டாளாம். அவளை எழுந்து கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது, ஆனால் அந்த இருக்கையில் இருந்து எழும்புவது சுலபமில்லை.

மருமகள் மற்றப் பக்கத்துக் கதவால் தலையை நீட்டினாள். மணிக்கூட்டைப் பார்த்தாள். தன் கைபேசியில் நேரத்தைப் பார்த்தாள். திரும்ப மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு வெளியே நின்ற தகப்பனைப் பார்த்தாள். என்றைக்கும் பிரெஞ்சில் பேசுகிறவள், "அப்பா, வாங்கோ, வந்து இருங்கோ" என்று தமிழில் கூப்பிட்டாள்.

அண்ணன் வழுகும் களிசானை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்து, ஓட்டுகிறவர் இருக்கையில் இறங்கினார். ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மணிக்கூட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா இப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அந்த இடத்திலேயே தொலைபேசியில் பிடித்து ஒரு பாட்டம் ஏசியிருப்பேன். அண்ணனுக்கு அந்த எண்ணம் வந்ததாகத் தெரியவில்லை. அவருடைய கண் நிறைந்திருந்தது.

அழுகை வந்தால் நான் வாயைக் கொடுப்பேன், அது என் பழக்கம். "என்னண்ணை, வீட்டை போகேல்லையோ, நேரம் போகுதல்லோ?" என்றேன்.

அண்ணன் மணிக்கூட்டில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவசரப்படாதை, தங்கச்சி" என்றார். "நேரம் கிடக்கு."